நான்காம் எண்

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் ஐயா ஒருவர், மேடையில் முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்கள் நால்வர், முன்வரிசைத் தாய்மார்கள் பதினொருவர், பின்வரிசைகளில் இருபத்தாறு பேர், கதவோரம் ஒலிபெருக்கிக்காரர். ஆக நாற்பத்து மூன்று பேருக்கும் என் பணிவான வணக்கம்!

எண்ணிப் பார்க்காமல் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அது தாத்தா தந்தது.

பாலைவனப் போரில் அவர் தண்ணீர் லாரி ஓட்டினார். லாரி எரிந்தது. எஞ்சிய எழுவர் நடந்தார்கள். நடந்தார்களா? மணற்காற்றில் மண்ணோடு மண்ணாய் ஊர்ந்தார்கள்! ஆள் தவறாமலிருக்க மணிக்கொரு முறை ஒவ்வொருவரும் தம் எண்ணைச் சொல்ல வேண்டும். கடைசியில் வரும் தாத்தா குறிப்பேட்டில் குறிப்பார். நான்காம் எண், பட்டாளத்துத் தையல்காரர். ஒரு வறட்டு இருமல்; பிறகு "நாலு."

இரண்டாம் நாள் அவர் இறந்தார். மேலே எதிரி விமானம் சுற்ற, மற்றவர் குப்புறப் படுத்திருக்க, தாத்தா மட்டும் எழுந்து வெறுங்கையால் குழி தோண்டினார். அது வீரமில்லையா?

அடுத்த மணி. "ஒண்ணு." "ரெண்டு." "மூணு."

ஒரு வறட்டு இருமல். "நாலு."

சிரிக்காதீர்கள் அண்ணா. கடவுளைக் கும்பிட்டுவிட்டே மேடையேறினேன். பேய்க்கதை சொல்ல வரவில்லை.

குரல் இடப்பக்கம் கேட்டது; இடப்பக்கம் திரும்பினார்கள். முன்னே கேட்டது, முன்னே போனார்கள். விடிந்தபோது எதிரே கிணறு! ஆறு உயிர் பிழைத்தது.

முகாம் அதிகாரி குறிப்பேட்டைப் பார்த்தார். "செத்தவன் எப்படிய்யா பதில் சொல்வான்?"

"கூப்பிட்டோம், பதில் வந்துச்சு, குறிச்சேன் ஐயா."

"அப்ப அவன் சாகல. கிணறு வரைக்கும் வந்துட்டு ஓடிட்டான்!"

பின்னட்டையை அவர் திருப்பவே இல்லை. புதைத்த நேரம், இடம், ஐவரின் கைநாட்டு, தாத்தாவின் கையொப்பம்: இதோ என் கையில்! தமக்குத் தந்த பதக்கத்தைத் தாத்தா ஒருநாளும் சட்டையில் குத்தவில்லை.

அறுவர் பெயர் இந்த நினைவுக்கல்லில் இருக்கிறது. நான்காமவர் பெயர் எங்கே? பிறந்ததிலிருந்து "ஓடிப்போனவன் பொண்ணு" என்ற பேச்சைக் கேட்டவர், இதோ இரண்டாம் வரிசையில். "எங்கப்பா ஓடலன்னு ஒரு தடவ சத்தமா சொல்லும்மா, போதும்" என்றார். சொல்கிறேன் அம்மா: ஓடவில்லை! ஓடவில்லை! செத்தும் ஓடவில்லை!

சற்றுமுன் பெயர்களை வாசித்தீர்கள், தலைவர் ஐயா. மூன்றாம் பெயரோடு ஏன் நிறுத்தினீர்கள்? அப்போது இருமியது யார்? நாற்பத்து மூன்று முகங்களையும் பார்த்தேன். ஒரு வாயும் அசையவில்லை. தையல்காரர் மகள் மட்டும் எழுந்து நின்றார்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். அந்தப் பெயரைக் கல்லில் வெட்டுவீர்களா, மாட்டீர்களா? இந்த அம்மாவுக்கு வயதாகிறது. சீக்கிரம் பதில் சொல்லுங்கள் ஐயா.