பக்கத்துப் பல்

அப்போது எங்கள் பக்கத்துக்கெல்லாம் காரைக்காலில் ஒரே பல் டாக்டர். வாசல் பெஞ்சில் எனக்கு முன்னால் கன்னம் வீங்கிய டாக்சிக்காரர் ஒருவர், அருகில் அவர் மனைவி.

"பக்கத்துப் பல்லையும் சேத்தே புடுங்கச் சொல்லிடுறேன்."

"அது நல்லாத்தானங்க இருக்கு?"

"இன்னிக்கி நல்லாருக்கு. நாளைக்கி வலிச்சா நெடுங்காட்டுலேருந்து மறுபடி வரணும், மறுபடி ஊசி. கிளட்ச் பிளேட் மாத்த கியர்பாக்ஸ எறக்குனப்ப, நல்லாருந்த பேரிங்கையும் சேத்து மாத்துனேன்ல? எறக்குற கூலி ஒரு தடவையோட போச்சு."

"கழட்டுன பேரிங்க என்ன பண்ணுனீங்க?"

"டிக்கியில கெடக்கு. அவசரத்துக்கு ஆவும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார்.

"பல்லையும் டிக்கியிலதான் போட்டு வெப்பீங்களா?"

அவர் உள்ளே போனார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுதாங்க டாக்டர்."