சோழவரத்தில் கடைசிச் சுற்று

– பதினோரு ரவுண்டு, காத்தமுத்து! பதினோரு ரவுண்டும் நம்ம சனாவுல்லா முன்னால, அந்தப் பெங்களூர்க்காரன் பின்னால. பாக்கி ஒரே ஒரு ரவுண்டு. அதுலயா போய் வண்டிய நிறுத்துவான் ஒரு மனுசன்?

– விடுங்கண்ணே. மாசம் ஒண்ணாச்சு. இன்னும் அதையே பேசிக்கிட்டு.

– ஏன் விடணும்? கேட்டுக்க. சைக்கிள் கடையை நாலு நாள் சாத்திட்டு, ரெண்டு பஸ்ஸு ஆளைக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் பக்கம் சோழவரத்துக்குப் போனவன் இந்த நல்லுசாமி. ஏரோப்ளேன் எறங்குற தார் ரோடு, நிழலுக்கு ஒரு வேப்பங்கன்னு கெடையாது. உள்ளங்கால் கொப்பளிச்சுப் போச்சு. இருந்தாலும் கத்துனோம். வருசத்துல மூணு பந்தயம். மொதப் பந்தயத்த ஜெயிச்சுட்டான், ரெண்டாவதுல ரெண்டாவதா வந்தான். மூணாவதுல ஜெயிக்கக்கூட வேணாம், அந்தப் பெங்களூர்க்காரனுக்கு ஒரு முழம் முன்னால வந்தாப் போதும், சாம்பியன்! "யாருய்யா அந்தத் திண்டுக்கல்காரன்"னு மெட்ராஸ்காரனெல்லாம் என்னை வந்து கேக்குறான். எங்க ஊரு தோல்ஷாப்பு லாரி டிரைவருய்யா, வண்டி மிலிட்டரி ஏலத்துல எடுத்த பழைய மோட்டார் சைக்கிள், அதுக்கு உசுரு குடுத்தது எங்க மெக்கானிக் காத்தமுத்துன்னு சொன்னேன். சொல்றப்ப எனக்கு நெஞ்சு இம்புட்டு அகலம் விரிஞ்சுச்சு.

– எனக்கு மட்டும் விரியலையா?

– கடைசி ரவுண்டு. அந்தா, தூரத்து வளைவுக்குள்ள போனான். அங்க வைக்கோக்கட்ட அடுக்கி வச்சிருந்தாக, ஆளு தெரியாது. எல்லாரும் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறோம். என் கையில ரோஜா மாலை. வளைவத் தாண்டி வந்தது யாரு?

– பெங்களூர்க்காரன்.

– அவன் பின்னால இன்னொருத்தன். அவன் பின்னால ஒரு சொங்கிப்பய. ஒம்பது வண்டி வந்துருச்சு. பந்தயம் முடிஞ்சு கொடியச் சுருட்டிட்டான். அப்புறமில்ல நம்ம ஐயா வாராரு, சாமி ஊர்வலம் மாதிரி மெல்ல மெல்ல! வண்டியில ஒரு கீறல் இல்ல, ஆளு மேல ஒரு சிராய்ப்பு இல்ல. என்னலே ஆச்சுன்னு கேட்டா, என்ன சொன்னான்?

– என் வாயால சொல்ல மாட்டேன்.

– நான் சொல்றேன். "முந்தின ரவுண்டுல அந்த வளைவுல ஒருத்தன் விழுந்தான், ரத்தத்தப் பாத்துட்டேன், கை நடுங்கிருச்சு, நிறுத்திட்டேன்." ரத்தத்தப் பாத்தானாம்! தெனமும் ரத்தத்தோட தோலு வந்து எறங்குற தோல்ஷாப்புல வேலை பாக்குறவன்!

– ஆறு மாசம்ணே. பகல்ல பஸ் வேலை, சாயங்காலமானா அவன் வண்டி. கார்புரேட்டர எத்தன தடவை பிரிச்சிருப்பேன்! என் பொண்டாட்டி சோத்துத் தட்ட இந்தப் பட்டறைக்கே கொண்டாந்து வச்சுட்டுப் போவா. அம்புட்டையும் ஒரு பயத்துல தொலைச்சுட்டான்.

– அதான் பஸ் ஸ்டாண்டுல அவன் எறங்குனப்ப சரியாக் குடுத்தோமே. ஜெயிச்சு வருவான்னு சொல்லிவச்ச பேண்டு செட்டு. அவங்கள சாவு மேளம் வாசிக்கச் சொன்னது நாந்தான். நீ மட்டும் என்ன, அவன் வலது கையப் பின்னால கொண்டாந்து முறுக்குன பாரு, எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. எலும்பு உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு.

– கேட்டுச்சு. இப்ப விட்டாலும் முறுக்குவேன்.

– ஆனா ஒண்ணு. கேட்டுக்க, உனக்கு அதுல நல்லதுதான் நடந்திருக்கு. இன்ஜின் தங்கம், ஆளுதான் களிமண்ணுன்னு ஊரு பூராம் பேச்சு. வேடசந்தூர் பஸ் மொதலாளி அஞ்சு பஸ்ஸயும் உங்கிட்ட விடப்போறாராம்ல?

– நாளைக்கு மொத வண்டி வருதுண்ணே. மூணு பொட்டப்பிள்ளைகள வச்சிருக்கேன், இப்பத்தான் செத்த மூச்சு விடுறேன்.

– அந்தா பாரு, அந்தா! தெருமுனையில யாரு வண்டியத் தள்ளிக்கிட்டு வாரது?

– அது... சனாவுல்லா பொண்டாட்டி. உம்மு சல்மா.

– பேகம்பூர்ல இருந்து தனியாவா தள்ளிக்கிட்டு வாரா? முக்காடு பூராம் சாணி. பொடிப்பயலுக எறிஞ்சிருக்கானுக, கெட்டிக்காரப் பயலுக! நாந்தான் சொல்லிவிட்டேன், இன்னிக்குள்ள வண்டி வரலைன்னா பத்துப் பேரோட வீட்டுக்கே வருவோம்னு. வழி விடுங்கப்பா, வழி விடுங்க! சாம்பியன் வாராரு!

– அண்ணே... கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே.

– தண்ணியா? சோழவரத்துல நாங்க நாக்கு வறண்டு நின்னப்ப உம் புருசன் குடுத்தானாம்மா?

– ஏன், அவன் வரலையா? பொண்டாட்டியத் தள்ளவிட்டுட்டு வீட்டுக்குள்ள படுத்திருக்கானோ?

– காத்தமுத்தண்ணே, உங்களுக்குத் தெரியாததா? மாவுக்கட்டப் பிரிச்சாச்சு, வெரலு மடங்க மாட்டேங்குது. நாந்தான் ஊட்டிவிடுறேன். தோல்ஷாப்புல வேற டிரைவரப் போட்டுட்டாக. நல்லுசாமியண்ணே, வண்டியக் கொண்டாந்துட்டேன், எடுத்துக்கங்க. இனிமே எங்க வாசல்ல வந்து கத்தாதீக. எங்க பய மதரஸாவுக்குப் போயி பத்து நாளாச்சு. வழியெல்லாம் பயந்தாங்கொள்ளி மகன்னு கூப்புடுறாகளாம்.

– பயலும் பயந்துட்டானா? குடும்ப வழக்கம் போல! கேட்டுக்கம்மா, இந்த வண்டிய என்ன செய்யப்போறோம் தெரியுமா? இன்ஜினக் காத்தமுத்து கழட்டிக்குவான், அது அவன் உழைப்பு. மிச்சத்துல வளையல் படம் வரைஞ்சு, மணிக்கூண்டுல தொங்கவிடப்போறோம். ஊருக்கு வாரவன் போறவனெல்லாம் பாக்கணும். ஏலே, நீ வேலைய ஆரம்பி. நான் போய் போர்டு எழுதுற நாச்சிமுத்துவக் கூட்டியாரேன்.

– போயிட்டு வாங்கண்ணே... என்னம்மா இன்னும் நிக்கிற? வண்டிய விட்டாச்சுல்ல, கெளம்பு.

– ஒரு வார்த்தைண்ணே. தோல்ஷாப்புல வாட்ச்மேன் வேலை ஒண்ணு காலியா இருக்கு. நீங்க சொன்னா மொதலாளி கேப்பாரு.

– காவலுக்கா? திருடன் ஒரு கீறலோட வந்தாப் போதும், இவன் நடுங்கி நின்னுருவான்.

– எத்தன நாளு எங்க வீட்டுல உக்காந்து நோம்புக்கஞ்சி குடிச்சிருக்கீக. எங்க பய உங்கள மாமான்னுதான் கூப்புடுவான்.

– கூப்புட வேணாம்னு சொல்லு.

– சரிண்ணே. சொல்லிர்றேன். நீங்க இன்ஜினக் கழட்டுங்க. நான் இங்கயே நின்னு பாத்துட்டுப் போறேன்.

– இதுல பாக்க என்ன இருக்கு?

– நிக்கிறேண்ணே. நிக்கக்கூடாதா?

– நின்னு தொலை. மொதல்ல செயினக் கழட்டணும்... என்ன இது? செயின்ல கட்டுக்கம்பி சுத்தியிருக்கு. யாரு சுத்துனது?

– எனக்கெப்படித் தெரியும்? சோழவரத்துல இருந்து வந்த அன்னைக்குச் சாக்கப் போட்டு மூடுனோம். இன்னைக்குக் காலையிலதான் எடுத்தோம். அதுவரைக்கும் யாரும் தொடல.

– இங்க ஒரு லாக்கு இருக்கணும். நகத்தளவுத் தகடு. அதுதான் செயினோட ரெண்டு முனையையும் பிடிச்சு வைக்கும். அது இல்லைன்னா ஓட்டத்துல செயின் கழண்டு போயிரும்.

– நீங்க போட்டீகளாண்ணே?

– போட்டேன். புதுச் செயினு. பந்தயத்தன்னைக்குக் காலையில நாந்தான் மாத்துனேன். ரெண்டு முனையையும் கோத்தேன். லாக்கக் கையில எடுத்தேன். அப்பத்தான் பத்திரிக்கைக்காரன் போட்டோ எடுக்க வந்தான். மெக்கானிக்கும் வந்து நில்லுங்கன்னான். நான் தலை சீவிட்டு வாரேன்னு போனேன்...

– போயிட்டு வந்து?

– வந்து... போட்டோ எடுத்தாக. மைக்குல கூப்புட்டுட்டாக. அவன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்.

– லாக்கு?

– அந்த வளைவுல என்ன நடந்துச்சு? சொல்லும்மா.

– சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாதுன்னு அவுக என் கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காக. வண்டியக் காட்டக்கூடாதுன்னு அவுக சொல்லல. அதான் தள்ளிக்கிட்டு வந்தேன்.

– செயின் விழுந்திருக்கு. வைக்கோக்கட்டுக் கம்பியப் பிச்சு, அந்த வெயில்ல ஒத்தையாளாக் கட்டி, மெல்ல ஓட்டிக்கிட்டு வந்திருக்கான். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? ரத்தத்தப் பாத்தேன்னு ஏன் பொய் சொன்னான்?

– அங்க கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் பாத்தீகளே. ஓட்டுனவன்னா நாலு அடியோட விட்டுருவாக, மெக்கானிக் தப்புன்னு தெரிஞ்சா காத்தமுத்த அங்கனயே பொதைச்சிருப்பாகன்னு அவுக சொன்னாக. கொஞ்ச நாள் போனா ஊரு மறந்துரும்னும் சொன்னாக. மறக்கலையேண்ணே.

– பஸ் ஸ்டாண்டுல... நான் கையப் பிடிச்சப்ப...

– அப்பவும் அவுக வாயத் தொறக்கல. அடிவாங்குனதுக்கு அழுவல. உன்னப் போயி சிநேகிதன்னு சொன்னேனேன்னு காதுகிட்ட வந்து சொன்னீகளாம். அதச் சொல்லிச் சொல்லி அழுதாக.

– உம்மு சல்மா...

– வேலை வேணாம்ணே. கை போனது போகட்டும், அல்லா பாத்துக்குவான். நல்லுசாமியண்ணன்கிட்ட ஒரே ஒரு தடவை உண்மையச் சொல்லுங்க. எம்பிள்ளை தலைய நிமுத்தித் தெருவுல நடக்கணும். வேற எதுவும் கேக்கல.

– சொன்னா நாளைக்கு பஸ்ஸு வராதும்மா.

– அண்ணே!

– எந்த வண்டியும் வராது. லாக்கு போட மறந்த மெக்கானிக்குன்னு ஆயிரும். எனக்கும் மூணு பொட்டப்பிள்ளைக இருக்கு.

– ஏண்ணே, எதுக்கு அந்தக் கம்பியப் பிரிக்கிறீக? விடுங்கண்ணே! அது ஒண்ணுதான் எங்களுக்கு... அய்யோ, அதப் பையில போடாதீக! குடுங்கண்ணே, குடுங்க!

– என்னலே இங்க கூச்சல்? நாச்சிமுத்து பின்னாலயே வாரான். ஏம்மா, எதுக்கு அவன் சட்டையப் பிடிச்சு இழுக்குற?

– நல்லுசாமியண்ணே, அவுக பயந்து நிறுத்தலண்ணே! செயினு கழண்டு விழுந்திருக்கு, கம்பியால கட்டி ஓட்டிட்டு வந்திருக்காக. இவருக்குத் தெரியும், இப்பப் பாத்தாரு. கேளுங்க, இவரக் கேளுங்க!

– செயினா? இத்தன நாளு இல்லாத கதையா இருக்கே. ஏலே காத்தமுத்து, இந்தப் பொம்பள சொல்றது நெசமா?

– புருசனக் காப்பாத்தப் பொய் சொல்றாண்ணே. அந்தப் பெரிய சுத்தியல இப்படிக் குடுங்க. வண்டியத் தொங்கவிடவெல்லாம் வேணாம், நானே ஒடைக்கிறேன்.