கதவு விடாத கோடு

நவம்பர் 16, சனிக்கிழமை.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. இது தோழியின் அக்காவுக்கு நடந்தது என்று எழுதிவிட்டேன். அக்கா இல்லை, சித்தி. மாலை வகுப்பில் கரண்ட் போய், எல்லோரும் ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது தோழி சொன்னது. வரிசை மாறாமல் வருமா என்று தெரியவில்லை. மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.

மாலை ஆறரை மணி. விளக்கு எரியாத தெரு. அதன் கடைசியில் ஒரு காலி மனை... அங்கேதான் சித்தி தன் மகளைக் கூப்பிடப் போனாள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சித்தி தையல்காரி. ஒரே அறை வீடு. மெஷினும் வெட்டுமேசையும் கட்டிலும் போக மீதி இடத்தில் ஆறு வயது மகள். கூப்பிடும் பெயர் சுண்டு. சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை, எப்போதாவதுதான் வருவார். தெருப் பிள்ளைகள் எல்லாம் தெருவில்தான் விளையாடும். போன வருஷம் தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வந்ததில் எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு கால் போயிற்று. அன்றிலிருந்து பிரேக் சத்தம் கேட்டாலே சித்தி தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். சுண்டு வண்டி வராத இடத்தில் விளையாட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த மனையில் முன்பு ஏதோ வீடு இருந்தது. யாருடையது, ஏன் இடித்தார்கள், யாருக்கும் தெரியாது. இப்போது முட்செடி, உடைந்த கண்ணாடி, தெருவே கொண்டுபோய்க் கொட்டிய குப்பை. அதைச் சுத்தம் செய்து பிள்ளைகள் விளையாடும் இடமாக்கலாம் என்று சித்தி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

“உனக்கு வேற வேலை இல்லையா?” என்றார் அதே தெரு எலக்ட்ரீஷியன்.

“இருக்கே. உங்க பேன்ட்டு ஒரு வாரமா என் மேசையில கெடக்கு. மண்வெட்டியோட வந்தீங்கன்னா ஜிப்பு வைக்கிறேன். இல்லாட்டி அப்படியே போட்டுக்கிட்டுப் போங்க.”

வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

குப்பை போனதும் பழைய வீட்டின் சுவர்கள் இருந்த தடம் தெரிந்தது. தரையோடு தரையாகச் செங்கல் வரி. முன்னறை, நடை, அடுப்படி... பின்மூலையில் ஓர் ஆள் படுக்க முடியாத அளவுக்கு ஒரு சின்ன அறை. பெஞ்சு எங்கே, ஊஞ்சல் எங்கே என்று எல்லோரும் ஆளுக்கொன்று பேசினார்கள். சித்தி கோடு போடாமல் துணியில் கத்திரி வைக்காதவள். சுண்ணாம்புத் தூளை அள்ளி, செங்கல் வரிகளின் மேலேயே கோடு போட்டாள். வாசல் இருந்த இடங்களை விட்டுவிட்டுப் போட்டாள். சின்ன அறையைப் பூச்செடிக்கு ஒதுக்கியிருந்தாள். செடிக்கு எதற்கு வாசல்? துணியில் வளைவு வரைகிற பழக்கத்தில், கையைத் தூக்காமல் சுற்றி வந்து கோட்டை மூடினாள்.

‘டக்’.

தாழ்ப்பாள் விழுகிற சத்தம். யாரோ கடப்பாரையைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பெஞ்சு வருவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டன. சில நாள் கழித்துத்தான் சித்தி கவனித்தாள். பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் எந்தப் பிள்ளையும் நேராகப் போய் எடுப்பதில்லை. சுற்றிக்கொண்டு, கோடு விட்ட இடம் வழியாகத்தான் போகும். மழையில் கோடுகள் பாதி கரைந்த பிறகும் அப்படித்தான்.

“ஏன்டி ஊரைச் சுத்தி வர்ற? நேரா வாயேன்.”

“செவத்துக்குள்ள எப்படிம்மா நடக்கிறது?”

சித்தி சிரித்துக்கொண்டே கோட்டை மிதித்து நடந்து காட்டினாள். பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

அன்று ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடிக்க நேரமாகிவிட்டது. சுண்டுவைக் கூப்பிட மனைக்குப் போனபோது மணி ஆறரை. மற்ற பிள்ளைகள் தெருவோரம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சுண்டு மட்டும் பின்மூலையில்... சின்ன அறையின் நடுவில். அந்தக் கோடு மட்டும் கரையவே இல்லை. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள், கூட்டமான பஸ்ஸில் நிற்கிற மாதிரி.

“சுண்டு, வா. இருட்டிடுச்சு.”

“வர முடியலம்மா. கதவே இல்ல.”

“அப்புறம் எப்படிடி உள்ள போன?”

“உள்ளேருந்து கூப்பிட்டாங்க. அப்ப கதவு இருந்துச்சு.”

வெட்டவெளியில் நின்று பேசுகிற குரல் இல்லை அது. மூடிய பீரோவுக்குள்ளிருந்து வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை... அதற்கு அடியில் இன்னொன்று, பல நாள் பேசாமல் மூடி வைத்த வாயின் வாடை.

சித்தி கையை நீட்டினாள். கை சாதாரணமாகத்தான் கோட்டைத் தாண்டியது. ஆனால் மகளின் தோள் எட்டவில்லை. எக்கி நீட்டினாள். தோள் இன்னும் ஒரு விரல் தள்ளியே இருந்தது.

“சீக்கிரம்மா. ரெண்டு பேருக்கு இடம் பத்தல.”

சித்தி மண்டியிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையால் கோட்டைத் தேய்த்து அழித்தாள். ஒரு கதவு அகலத்துக்கு.

‘டக்’.

பிள்ளை வெளியே வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. சித்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள். பிள்ளை கூடவே வந்தது... நேராக. நடை, அடுப்படி, முன்னறை, எல்லாக் கோட்டையும் மிதித்துக்கொண்டு. ஒரு வாசலைக்கூடத் தேடவில்லை.

தெருவோரம் நின்ற பிள்ளைகள் விலகி வழி விட்டன. தச்சர் மகள் மட்டும் கேட்டாள்:

“அத்தை, யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?”

“சுண்டுவத்தான். ஏன்?”

அவள் பின்மூலையைக் காட்டினாள். “அவ அங்க தட்டிக்கிட்டே இருக்காளே.”

சித்தி திரும்பிப் பார்த்தாள். சின்ன அறை காலி. சத்தம் ஒன்றும் இல்லை. அவள் அழித்த இடத்தில் கோடு முழுசாக இருந்தது.

அதன் பிறகு வீட்டில் இருக்கிற பிள்ளை சாப்பிடுகிறது, தூங்குகிறது, கேட்டதற்குப் பதில் சொல்கிறது. சித்தி மட்டும் விடிந்ததும் அந்த மூலைக்குப் போய்த் தரையில் காதை வைத்துப் படுத்துவிடுகிறாள். கோட்டை அழித்து அழித்து உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. மறுநாள் கோடு அப்படியே இருக்கிறது.

“பெத்த புள்ள பக்கத்துல நிக்குது. இன்னும் யாரைம்மா தேடுறே?” என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். அவள் தரையிலிருந்து காதை எடுக்கவில்லை. பிள்ளைகள் யாரும் இப்போது அங்கே கால் வைப்பதில்லை. தரை சேறாக இருப்பதால்தான் வருவதில்லை, சிமெண்ட் தளம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். சித்தி ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினாள்... அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று.

பக்கத்தில் நின்ற பிள்ளை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: “போடட்டும்மா. நல்லா இருக்கும்.”

தோழி அதோடு நிறுத்திவிட்டாள். கரண்ட் வந்தது. மெழுகுவத்தியை யாரும் ஊதி அணைக்கவில்லை.

நாளை ஞாயிறு. காலை ஏழு மணிக்குச் சிமெண்ட் கலவை மெஷின் வருகிறது. பின்மூலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். சித்தியைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்று தோழி கேட்டிருக்கிறாள். ஒருத்தி நான். ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும்.