துரு ஏற்றிய பெயர்ப்பலகை

ஒட்டுக்கேட்டதற்காகப் பிள்ளைகளைத் தண்டித்த ஆசிரியன் நான். நேற்று அம்பாசமுத்திரம் பேருந்தில் நானே ஒட்டுக்கேட்டேன். முன்சீட்டில் மறுநாள் டீக்கடை திறக்கப்போகிறவரும், கம்ப்யூட்டரில் பெயர்ப்பலகை வரைந்து கொடுத்த அவருடைய நண்பரும் இருந்தார்கள்.

“எழுத்துக்குத் துரு ஏத்தவே மூணு நாளாச்சுலே,” என்றார் நண்பர். “பாத்தா அந்தக் காலத்துத் தகரபோர்டுன்னுதான் நெனைப்பாங்க.”

அப்போது பேட்டை அச்சகத்திலிருந்து போன் வந்தது. கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணாச்சி, நீங்க அனுப்புன படத்துல எழுத்தெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. நானே பையப் பையத் துரு எல்லாத்தையும் எடுத்துட்டு, பளபளன்னு அடிச்சு வச்சிருக்கேன்.”

நண்பர் தலையில் கைவைத்தார். “போச்சுலே! வேற அடிக்கச் சொல்லு.”

கடைக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“விடுலே. நாளைக்குத்தான தொறக்கோம்? துரு ஏறுத வரைக்கும் கடைய நடத்திக் காட்டுவோம்.”