மீன் கூடைக்குள் தங்கிய உள்ளான்

வெள்ளிக்கிழமை காலை, எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் அம்மன் கோயிலுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு மீன்காரப் பெண்கள்.

"எங்க வூட்டுக் கொழம்புல கீதுன்னு நெனச்சாங்களே ஒரு பறவை, அது இமயமலையத் தாண்டிடுச்சாம்க்கா," என்றாள் இளையவள்.

"உங்க வலையில மாட்டுச்சே, அந்த உள்ளானா?"

"அதேதான். எங்கெங்க தங்குதுன்னு பாத்து அந்த எடத்தயெல்லாம் காப்பாத்த, பறவை ஆராய்ச்சிக்காரங்க அது முதுகுல மிஷினு கட்டியிருந்தாங்கல்ல. பாவம், நடுங்குதேன்னு அடுப்பாண்ட மீன் கூடையால மூடி வெச்சேன். சேட்டிலைட்டுல பாத்தா எங்க வூட்டு அடுப்பாண்ட நிக்குதாம். அந்த ஆராய்ச்சிக்காரங்க ஓடியாந்து சட்டியத் தொறக்குறாங்க."

"சட்டியில இன்னாடி இருந்துச்சு?"

"கானாங்கத்த மீனு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவங்கதான் பறக்க விட்டாங்க. நடுவுல சிக்னலே காணோம், எனக்குச் சோறு எறங்கல. அம்மனுக்கு அர்ச்சனை பண்றேன்னு நேந்துக்கினேன். இப்பதான் போன் பண்ணாங்க, உசுரோட கீதாம்."

"ஐயரு பேரு, நட்சத்திரம் கேப்பாரே, இன்னா சொல்லுவ?"

"உள்ளான்னு சொல்லுவேன். நட்சத்திரத்துக்கு என் பொண்ணோடதச் சொல்லிடுவேன்க்கா. ஒரு ராத்திரி எங்க வூட்டுல தங்கின புள்ளதானே."