லிசியின் ஒறுத்தல்

டோனி: முந்தானையைத் தலையிலேருந்து எடு லிசி. இது ஸ்ரீரங்கம். நம்ம சர்ச் பங்குக்காரங்க யாரும் மனநல டாக்டரைப் பார்க்க இவ்வளவு தூரம் வர மாட்டாங்க.

லிசி: நாம வரலையா? எடமலைப்பட்டி புதூர்லேருந்து பஸ் மாறி... இன்னொருத்தரும் இதே மாதிரி நினைச்சு வந்தா?

டோனி: வந்தா அவங்களும் முக்காடு போட்டுட்டுத்தான் வருவாங்க. அடையாளம் தெரியாது, விடு.

லிசி: கிண்டலா உங்களுக்கு...

டோனி: சிரிக்கிறியே. நீ சிரிச்சுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு.

லிசி: அனிஷாவுக்குப் போன் போட்டீங்களா?

டோனி: போட்டேன். எடுக்கலை.

லிசி: தூங்குவா. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. பத்தாவது படிக்கிற பிள்ளை, புத்தகத்து மேலயே சாஞ்சு கிடக்குறா. ரிவிஷன் டெஸ்ட்ல பேப்பர் மேலயே தலையை வச்சுட்டாளாம், அவ மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க.

டோனி: நீ ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ள நடந்துட்டே இருந்தா பிள்ளை எங்கேருந்து தூங்கும்? பகல்ல தூங்குறா.

லிசி: அதுவும் என்னாலதானா...

டோனி: நான் அப்படிச் சொல்லலை.

லிசி: சொல்லிட்டீங்க. பரவால்ல. அந்தக் குரலும் அதைத்தான் சொல்லுது.

டோனி: ...மறுபடியும் கேக்குதா?

லிசி: செபமாலையைக் கையில எடுத்தாலே ஆரம்பிச்சுடுது. உனக்கு மன்னிப்பே கிடையாது, உன் செபம் மேல போகாதுன்னு.

டோனி: போன வாரம்தானே பாவசங்கீர்த்தனம் பண்ணினே?

லிசி: பண்ணினேன். அதே பாவத்தைத்தான் திரும்பவும் சொன்னேன். ஃபாதரும் பொறுமையா, அது எப்பவோ மன்னிச்சாச்சும்மா, மருந்தை ஒழுங்காச் சாப்பிடு, டாக்டரையும் ஆண்டவர்தான் கொடுத்தார்னார்.

டோனி: சாப்பிடுறேதானே?

லிசி: ...சாப்பிடுறேன்.

டோனி: உள்ள போனதும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

லிசி: சாப்பிடுறேன்னு சொல்றேனே.

கோதா: லிசின்னு டோக்கன் வாங்கினது நீங்கதானே? டாக்டர்கிட்ட உள்ள ஒருத்தர் இருக்கா. அவா வந்ததும் கூப்பிடறேன், உக்காருங்கோ.

டோனி: சரிங்கம்மா.

லிசி: என்னை அட்மிட் பண்ணணும்னு சொல்லிடுவாங்களாங்க?

டோனி: மாத்திரை சாப்பிட்டும் குறையலைன்னா சேர்த்துத்தான் பார்க்கணும்னு போன தடவையே சொன்னாங்க.

லிசி: நான் போக மாட்டேன். பரீட்சை முடியற வரைக்குமாவது என்னைப் பிள்ளைகூட விட்டுடுங்க... அவளுக்கு வேற யாரு இருக்கா?

டோனி: அதுக்குத்தான் கேக்குறேன். போன வருஷம் காவேரிப் பாலத்துல உன் கையைப் பிடிச்சு இழுத்தவன் நான். இன்னொரு தடவை என்னால ஆகாது லிசி. உண்மையைச் சொல்லு.

லிசி: நீங்க இப்படிக் கேட்டா... கல்யாணமானதிலேருந்து அடுப்படியை எட்டிப் பார்க்காத மனுஷன், இப்ப வேலை விட்டு வந்ததும் வராததுமா காபி போட்டு நீட்டுறீங்க. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரலை.

டோனி: அப்ப சொல்லு.

லிசி: மாத்திரையை விட்டுட்டேன்.

டோனி: எப்பலேருந்து?

லிசி: விபூதிப் புதன்லேருந்து. தவக்காலத்துக்கு எல்லாரும் ஏதாவது ஒறுத்தல் பண்றாங்கல்ல... கறியை விடுறாங்க, டிவியை விடுறாங்க. செபக் கூட்டத்துல அற்புதம்மாள் கேட்டாங்க, நீ ஆண்டவரை நம்புறியா, மாத்திரை அட்டையை நம்புறியான்னு.

டோனி: அவங்க சுகர் மாத்திரையை விட்டுட்டாங்களாமா?

லிசி: ...அதைக் கேக்கத் தோணலை எனக்கு.

டோனி: தோணாது. ஊர்ல யாருக்கு மூட்டு வலி வந்தாலும் அது வியாதி. உனக்கு வந்தா மட்டும் நம்பிக்கைக் குறைச்சல்.

லிசி: திட்டுங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். நோன்பு இருக்கிறது வெளியில தெரியக் கூடாதுன்னு பிரசங்கத்துல சொன்னாங்களேன்னு...

டோனி: எனக்குத் தெரியும்.

லிசி: என்ன தெரியும்?

டோனி: மாதா சொரூபத்துக்கு முன்னாடி ரோஜாத் தொட்டி வச்சிருக்கியே... மண்ணைக் கிளறி விடலாம்னு போனேன். மாத்திரையா வந்துச்சு.

லிசி: தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கலை?

டோனி: கேட்டு, நீ கோவிச்சுக்கிட்டு மறுபடியும் அந்தப் பாலத்துக்குப் போயிட்டா? எனக்குப் பயம் லிசி. வீட்டுக்குள்ள நுழையறப்பல்லாம் முதல்ல உன் செருப்பு இருக்கான்னுதான் பார்க்குறேன்.

லிசி: அதனால பேசாம விட்டுட்டீங்களா...

டோனி: விடலை. நீ மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் இருக்கே.

லிசி: இல்லைங்க. நான் வாயில வைக்கவே இல்லை.

டோனி: வேற அட்டை வாங்கி, பொடி பண்ணி... எனக்கு வேற வழி தெரியலை. அப்பவும் குறையக் காணோமேன்னு நேத்திலேருந்து ரெண்டாப் போட்டேன். நீயானா விடிய விடிய நடக்குறே. அதான் இன்னைக்குக் கூட்டிட்டு வந்தேன், டாக்டர் வேற மருந்து ஏதாவது...

லிசி: எதுல போட்டீங்க?

டோனி: காபியிலதான்.

லிசி: ...இன்னைக்குமா?

டோனி: கிளம்புறதுக்கு முன்னாடி கொடுத்தேனே, அதுலயும்தான். உள்ள எடுத்துட்டுப் போனியே... தப்புதான் லிசி, உன்னை ஏமாத்திட்டேன். கோவம்னா வீட்டுல போய் அடி.

கோதா: லிசி... நீங்க போலாம். டாக்டர் கூப்பிடறா.

லிசி: அனிஷாவுக்குப் போன் போடுங்க.

டோனி: டாக்டர் கூப்பிடுறாங்க, இப்ப எதுக்கு...

லிசி: போடுங்கங்க.

டோனி: ரிங் போகுது... எடுக்கலை. நீதானே சொன்னே, தூங்குவான்னு.

லிசி: மறுபடியும் போடுங்க. பக்கத்து வீட்டுக்குப் போடுங்க. யாரையாவது கதவைத் தட்டச் சொல்லுங்க.

டோனி: கதவை எதுக்குத் தட்டணும்? என்னடி ஆச்சு?

லிசி: தவக்காலத்துக்கு நான் காபியையும் விட்டுட்டேங்க. நீங்க ஆசையா நீட்டுறப்போ வேண்டாம்னு சொல்ல மனசு வரலை... படிக்கிற பிள்ளை, தூக்கம் வராம இருக்கட்டும்னு தினமும் அவகிட்டதான் கொடுத்தேன். நேத்தும் கொடுத்தேன், இன்னைக்கும் கொடுத்தேன். ரொம்பக் கசக்குதும்மான்னா... நான்தான் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி, முழுசாக் குடின்னு பக்கத்துலயே நின்னேன்.