மூணு கால்ல நிக்குது கிரேன்

— தூக்க மாட்டேன்னா தூக்க மாட்டேன். வாக்கிடாக்கியில கத்தாதீங்க, காது வலிக்குது.

— அம்மா தாயே! இன்ஜினியர் சார் என் பக்கத்துலயே நிக்கறாரு. ஜெனரேட்டர் மூணாவது மாடிக்குப் போயாகணும். கொக்கியும் மாட்டியாச்சு. தூக்கு.

— தெரியாமத்தான் கேக்கறேன், இந்தக் கிரேனுக்கு எத்தனை கால்?

— நாலு.

— நாலுக்கும் அடியில கட்டை இருக்கா?

— மூணுக்கு இருக்கு.

— நாலாவதோட கட்டை எங்க போச்சு?

— முதலாளி வர்றாருல்ல, அவரு நின்னு பேச மேடை போட்டிருக்காங்க. நல்ல கனமான கட்டை, ஆடாதுன்னு சார்தான் உருவச் சொன்னாரு.

— அவரு ஆடக் கூடாது, நான் மட்டும் கவுந்து விழலாமா?

— அட, மண்ணு கெட்டியாத்தான் இருக்கு. நானே மிதிச்சுப் பார்த்தேன்.

— உங்க மிதியும் கிரேனோட மிதியும் ஒண்ணா? போன வாரம்தான் அங்க பைப்பு பதிச்சுக் குழியை மூடினாங்க. கேபின்ல மட்டம் காட்டற குமிழி இப்பவே ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டிருக்கு, வேலை சொன்னா உங்க தம்பி ஒதுங்குவாரே, அது மாதிரி.

— என் தம்பியை எதுக்கு இழுக்கறே?

— சரி, விட்டுட்டேன். கால் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க.

— ரெண்டு விரக்கடை.

— குனிஞ்சு பாருங்க.

— நாலுன்னு வெச்சுக்கோயேன்.

— தூக்கறதுக்கு முன்னாடியே நாலா?

— இப்ப தூக்கலேன்னா நாளைக்கு வேற ஆள் போட்டுக்குவாராம். சார் சொல்றாரு.

— போட்டுக்கட்டும். இது சாய்ஞ்சா முதல்ல நசுங்கறது கீழ நிக்கற நீங்க. வேலை எனக்கு வேற கிடைக்கும்.

— புருஷன்?

— அதுவும் கிடைக்கும். இன்னொரு ஆளை முதல்லேருந்து பழக்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

— சார் முறைக்கறாரு. நான் கை காட்டறேன், பொறுப்பு என்னோடது. தூக்கு, தூக்கு, தூக்கு!

— இஞ்சினை அணைச்சாச்சு, சாவி என் மடியில. கட்டை வரட்டும், குழியை விட்டுத் தள்ளி நிறுத்தித் தூக்கறேன்... என்னங்க, சார் என்ன சொல்றாரு?

— சார் தலையில அடிச்சுக்கிட்டே போறாரு, மேடையைப் பிரிக்கச் சொல்லி. அப்பாடா! இது சாய்ஞ்சுடுமோன்னு காலையிலேருந்தே எனக்குப் பயம்.

— அடப்பாவி மனுஷா! அப்புறம் ஏன் தூக்கு தூக்குன்னு தொண்டை கிழியக் கத்தினீங்க? நான் நெஜமாவே தூக்கியிருந்தா?

— கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துல நான் சொன்ன ஒண்ணையாவது நீ செஞ்சிருக்கியா? அந்தத் தைரியத்துலதான் கத்தினேன்.